‘விர்ல்விண்ட்’ நாவலில் எவ்வளவு நிஜம்?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது: பழைய புத்தகக் கடையில் ஜேம்ஸ் கிளாவெல்லின் ‘விர்ல்விண்ட்’ கிடைத்தது. 1979 ஈரான் புரட்சியின்போது வெளிநாட்டு பைலட்டுகள் தங்கள் ஹெலிகாப்டர்களோடு தப்பிக்கும் கதை. கால்வாசி படித்தாயிற்று. இது நிஜமாக நடந்ததா? ஈரானைப் பற்றித் தெரிந்துகொள்ள இதை நம்பலாமா? இன்றைக்கும் இப்படிச் செய்ய முடியுமா? மூன்று கேள்வியாக எழுதியிருந்தாலும் அவர் கேட்க வந்தது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பக்கத்துக்குப் பக்கம் இத்தனை விவரம் கொட்டியிருக்கிறதே, இதில் எந்த விவரத்தை நம்புவது, எதைத் தள்ளுவது? என் பதில் அதற்குத்தான். மற்றவை வழியில் வந்துவிடும்.

நான் ஹெலிகாப்டர் பராமரிப்பு இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவன். கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போய் இறக்கும் ஹெலிகாப்டர்களோடுதான் என் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்தது. முதலில் மும்பை ஹை, அப்புறம் சில வருடங்கள் வளைகுடாவின் அரபுக் கரை. நாவலில் பறக்கும் பெல் 212, பெல் 206 இரண்டையும் பிரித்து மாட்டியிருக்கிறேன். ஈரானில் வேலை பார்த்ததில்லை, பாரசீகம் தெரியாது. ஆகவே இயந்திரம் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். புரட்சி பற்றிச் சொல்வது வாசிப்பிலிருந்து வருவது, அதை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதை நிஜமா என்பது. கரு நிஜம். பிரிஸ்டோ ஹெலிகாப்டர்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி மன்னர் ஷா ஆண்ட காலத்து ஈரானில் எண்ணெய்த் தொழிலுக்காக ஹெலிகாப்டர் ஓட்டிக்கொண்டிருந்தது. புரட்சி வந்து நிலைமை கைமீறியதும் தன் ஆட்களையும் இயந்திரங்களையும் வெளியே கொண்டுவந்தது. கிளாவெல் எடுத்துக்கொண்டது அதைத்தான். அதற்குமேல் நாவலில் வரும் கம்பெனி, அதன் ஸ்காட்டிஷ் முதலாளி, தப்ரீஸ் கானின் மகளை மணந்த பின்லாந்துக்காரர், தெஹ்ரான் வியாபாரி வீட்டுப் பெண்ணை மணந்த கனடாக்காரர் எல்லாம் கற்பனை. சோவியத் உளவாளி ஒவ்வொரு திருப்பத்திலும் வந்து நிற்பதும் கற்பனைதான். ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்ற வரியைப் பார்த்துவிட்டு இந்த ஆள் யார், அந்த ஆள் யார் என்று தேடினால் நேரம்தான் வீணாகும்.

எழுதியவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்தால் புத்தகம் ஏன் இப்படி இருக்கிறது என்பது விளங்கும். கிளாவெல் இரண்டாம் உலகப் போரில் ஜாவாவில் ஜப்பானியரிடம் பிடிபட்டு, சிங்கப்பூர் சாங்கி சிறையில் கைதியாகக் கிடந்தவர். பிறகு ஹாலிவுட்டுக்குப் போய், ஜெர்மன் சிறைமுகாமிலிருந்து கைதிகள் சுரங்கம் தோண்டித் தப்பிக்கும் 1963ஆம் ஆண்டுப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரானார். அடைபட்ட மனிதன் வெளியே வர என்னென்ன திட்டம் போடுவான், எதற்கு யாரிடம் பேரம் பேசுவான், எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு உடம்போடு தெரியும். ‘விர்ல்விண்ட்’ 1986இல் வந்தபோது அதற்கு 50 லட்சம் டாலர் முன்பணம் கொடுத்து வாங்கினார்கள். கதையில் கழிவது 1979 பிப்ரவரி 9 முதல் மார்ச் 4 வரை, வெறும் 24 நாள். அதற்கு 1,100 பக்கத்துக்கு மேல். இந்த வீக்கம்தான் பெரும்பாலானவர்களை நடுவழியில் புத்தகத்தை மூட வைக்கிறது.

இப்போது நம்பத்தக்க பகுதி. பறப்பது சம்பந்தமாக அவர் எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. பெல் 212 இரட்டை இன்ஜின் இயந்திரம். வழக்கமான டேங்கை நிரப்பினால் சுமார் இரண்டரை மணி நேரம் பறக்கும்; மணிக்கு 100 நாட் வேகத்தில், அதாவது 185 கிலோமீட்டரில், 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகலாம். ஈரான் கரையிலிருக்கும் பந்தர் லெங்கேயிலிருந்து துபாய்க்கு நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். அதே கரையில் இருக்கும் புஷேரிலிருந்து குவைத்துக்கு சுமார் 280. எதிர்க்காற்று கடுமையாக இல்லாவிட்டால் இரண்டும் எட்டக்கூடிய தூரம்தான். ஆனால் வளைகுடாவில் குளிர்காலத்திலும் ஷமால் என்ற வடமேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். புஷேரிலிருந்து குவைத் போகிறவனுக்கு அது ஏறக்குறைய முகத்தில் அறையும் காற்று. 30 நாட் எதிர்க்காற்றில் 100 நாட் வேகம் 70 ஆகிவிடும். ஒன்றரை மணி நேரப் பயணம் இரண்டே கால் மணி நேரத்தை நெருங்கும். இறங்கும் இடத்தில் அனுமதி கிடைக்காமல் சுற்றவேண்டி வந்தால் கையிருப்பு இல்லை. காற்றையும் எரிபொருளையும் வைத்து நாவலில் பைலட்டுகள் மனதுக்குள் போட்டுக்கொண்டே இருக்கும் கணக்கு மிகையல்ல.

தாழப் பறந்து ராடார் கண்ணில் படாமல் போவதும் சாத்தியம்தான். கரையிலிருக்கும் ராடாருக்குப் பூமியின் வளைவைத் தாண்டித் தெரியாது. கடலுக்கு 50 அடி உயரத்தில் போனால் கொஞ்ச தூரத்திலேயே அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடலாம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கடலில் புழுதி மூட்டமும் காலைப் பனியும் சேரும் நாட்களில் நீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. அலையில்லாத தண்ணீர் அதைவிட மோசம், உயரமே தெரியாது. அனுபவமுள்ள பைலட்டுகள் அப்படிப்பட்ட காலையில் கண்ணை நம்பாமல், உயரம் காட்டும் ரேடியோ ஆல்ட்டிமீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு வருவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த இறுக்கத்தை கிளாவெல் சரியாகப் பிடித்திருக்கிறார். அவரும் பைலட் உரிமம் வைத்திருந்தாரா என்று யாரும் என்னைக் கேட்கவேண்டாம். நல்ல ஆட்களிடம் கேட்டு எழுதியிருக்கிறார் என்பது மட்டும் பக்கங்களில் தெரிகிறது.

மெக்கானிக்குகளை அவர் மறக்காததும் எனக்குப் பிடித்தது. தப்பிக்கும் கதைகளில் வழக்கமாக பைலட் ஏறுவார், சாவியைத் திருப்புவார், பறப்பார். நிஜத்தில் ஒரு முகாமைக் காலி செய்வதென்றால் முதல் தலைவலி இருக்கைக் கணக்கு: எத்தனை இயந்திரம், எத்தனை ஆள், யார் கடைசி. இரண்டாவது ஸ்பேர்ஸ். ரோட்டர் பிளேடுக்கும் கியர்பாக்ஸுக்கும் மணிக்கணக்கில் ஆயுள் உண்டு, அந்த மணி முடிந்ததும் கழற்றியே ஆகவேண்டும். ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு லாக் புக்கை விட்டுவிட்டு வந்தால் அந்தப் பாகங்கள் எத்தனை மணி ஓடின என்று நிரூபிக்க வழியில்லை; மறுபடி பறக்க யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். கோடிக்கணக்கில் மதிப்புள்ள இயந்திரம் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் பழைய இரும்பாகிவிடும். சரக்கு விமானத்தில் ஏற்றுவதற்கு பெல் 212 கொஞ்சம் தோதானது. இரண்டே பிளேடு என்பதால் கழற்றுவது சீக்கிரம் முடியும், நாலு பேர் பழகின கை இருந்தால் போதும். திரும்ப மாட்டிய பிறகு டிராக்கிங், பேலன்சிங், அதாவது பிளேடுகள் ஒரே தளத்தில் சமமாகச் சுற்றுகின்றனவா என்று பார்க்காமல் பறந்தால் பல் கிட்டிப் போகும் அளவுக்கு அதிரும். அந்த அவசரமும் சலிப்பும் நாவலில் நிஜமாக இருக்கின்றன.

இனி, எனக்கு இந்தப் புத்தகத்தில் மிக முக்கியமாகப் படுவது. தப்பிக்கும் திட்டத்தின் முடிச்சே இந்த ஹெலிகாப்டர்கள் ஈரானில் பதிவானவை என்பதில்தான் இருக்கிறது. 1944 சிகாகோ ஒப்பந்தப்படி ஒரு விமானத்துக்கு அது எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டின் தேசியம். ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் பதிய முடியாது. முதல் நாடு பதிவை ரத்து செய்து சான்றிதழ் கொடுத்தால்தான் இரண்டாவது நாடு பதியும். வாலில் ஈ.பி. என்று எழுதிய ஹெலிகாப்டர் ஈரான் ஹெலிகாப்டர். அதைப் புதிய அரசின் அனுமதியில்லாமல் எல்லை தாண்டி ஓட்டினால், முதலாளி எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ஈரான் கண்ணில் அது கடத்தல்தான். இறங்கிய நாடு அதைத் திருப்பி அனுப்பலாம், பைலட்டையும் சேர்த்து. நாவலில் போய்ச் சேர்ந்த பிறகும் பதற்றம் குறையாததற்கு இதுதான் காரணம், அது சட்டப்படி சரியான பதற்றம்.

ஆனால் அவை யாருடையவை? இந்தத் தொழிலில் வழக்கமான ஏற்பாடு இப்படி இருக்கும்: உள்ளூர்க் கூட்டாளியோடு சேர்ந்து ஒரு கம்பெனி, ஒப்பந்தம் அந்தக் கம்பெனியின் பேரில், இயந்திரம் வெளிநாட்டுத் தலைமையகத்தின் சொத்து, கூட்டுக் கம்பெனிக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கும். வாடகை, பராமரிப்புக் கட்டணம், பைலட் சம்பளம் எல்லாம் வெளிநாட்டுக் கணக்குக்குப் போகும். உள்ளூர்க் கூட்டாளியிடம் கேட்டால், கொடுத்த வாடகையிலேயே அந்த ஹெலிகாப்டரின் விலை எப்போதோ திரும்பிவிட்டது என்பார். தலைமையகத்தில் கேட்டால், பணம் போட்டதும் ரிஸ்க் எடுத்ததும் நாங்கள் என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. நாவலில் சிலர் இது கடத்தலாயிற்றே என்று தயங்கத்தான் செய்கிறார்கள். அந்தத் தயக்கம் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதோடு நின்றுவிடுகிறது, எது நியாயம் என்ற இடத்துக்கு வருவதில்லை. ஈரானியர் ஒருவர் நிதானமாக உட்கார்ந்து தன் தரப்பைச் சொல்லி, வாசகனைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியிருந்தால் இது வேறு தரத்து நாவலாகியிருக்கும். அப்படிச் சொல்ல வருகிறவர்கள் ஒன்று பேராசைக்காரக் கூட்டாளியாக வருகிறார்கள், இல்லையென்றால் துப்பாக்கி பிடித்த வெறியனாக.

இங்கேதான் நம்பக்கூடாத பகுதி ஆரம்பிக்கிறது. எண்ணெயும் வெளிநாட்டுக்காரரும் ஈரானியருக்கு என்னவாக இருந்தார்கள் என்பது தெரியாமல் அந்தக் கோபம் புரியாது. 1951இல் பிரதமர் மொசாதெக்கின் அரசு எண்ணெயைத் தேசியமயமாக்கியது. 1953இல் பிரிட்டனும் அமெரிக்காவும் பின்னாலிருந்து நடத்திய கவிழ்ப்பில் அவர் போனார். மறு வருடமே வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டமைப்பு ஒன்று எண்ணெயைத் தோண்ட வந்தது. 1964இல் அமெரிக்க ராணுவ ஊழியர்களை ஈரான் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று ஒரு சட்டம். பிற்பாடு புரட்சிக்குத் தலைவரான மதகுரு கோமெய்னி அதை எதிர்த்துப் பேசியதன் சாரம்: ஷாவே ஓர் அமெரிக்கரின் நாயை வண்டி ஏற்றிக் கொன்றால் விசாரிப்பார்கள், ஓர் அமெரிக்கச் சமையல்காரர் ஷாவை ஏற்றிக் கொன்றாலும் யாரும் கேட்க முடியாது. அந்தப் பேச்சுக்காகத்தான் அவர் நாடு கடத்தப்பட்டார். புரட்சி நெருங்கும்போது அமெரிக்கர்கள் மட்டும் சுமார் 45,000 பேர் அங்கே இருந்தார்கள். இதையெல்லாம் பாத்திரங்கள் வாயில் அங்கங்கே தகவலாகச் சொல்ல வைக்கிறார் கிளாவெல். ஆனால் கதையின் ஓட்டத்தில் புரட்சி என்பது பைலட்டுகள் கடக்கவேண்டிய இன்னொரு புயலாகத்தான் வருகிறது. புயலுக்குக் காரணம் கேட்கத் தேவையில்லை அல்லவா?

தொழில் பாசத்தில் இன்னொரு குறையும் சொல்கிறேன். நாவல் தொடங்கும் பிப்ரவரி 9 இரவுதான் தெஹ்ரானின் தோஷான் தப்பே விமானத் தளத்தில் ஹோமாபர்கள் எனப்படும் விமானப்படைத் தொழில்நுட்ப ஊழியர்களின் கலகம் வெடித்தது. கோமெய்னி பிப்ரவரி 1ஆம் தேதி நாடு திரும்பிய காட்சியைத் தொலைக்காட்சியில் மறுபடி காட்டினார்கள். அதைப் பார்த்து அவர்கள் கோஷம் போட, ஷாவின் மெய்க்காவல் படை தாக்க வந்தது. அவர்கள் ஆயுதக் கிடங்கைத் திறந்தார்கள், ஊர் ஜனங்கள் சேர்ந்துகொண்டார்கள். 11ஆம் தேதி ராணுவம் நடுநிலை என்று அறிவித்துவிட்டு முகாமுக்குத் திரும்பியது, ஷா வைத்துவிட்டுப் போன அரசு அத்தோடு முடிந்தது. யார் இந்த ஹோமாபர்கள்? எங்களைப் போன்ற மெக்கானிக்குகள். அதிகாரியும் இல்லை, சாதாரணச் சிப்பாயும் இல்லை என்ற இரண்டும்கெட்டான் பதவி. பக்கத்தில் நின்று அதே இன்ஜினைப் பார்க்கும் அமெரிக்க டெக்னீஷியனுக்குப் பல மடங்கு சம்பளம். 8ஆம் தேதியே அவர்களில் ஒரு கூட்டம் சீருடையோடு போய் கோமெய்னிக்கு சல்யூட் அடித்தது. அந்தப் புகைப்படம் பின்னாலிருந்து எடுக்கப்பட்டதால் யார் முகமும் தெரியாது. புரட்சியின் கடைசி உதையைக் கொடுத்தவர்கள் விமான மெக்கானிக்குகள். விமான மெக்கானிக்குகள் நிறைந்த ஒரு நாவலின் நடுப்பகுதிக்கு அவர்களில் ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் எல்லாப் பக்கமும் ஸ்பேனர் பிடித்தவர்களே நிற்கும் ஒரு கதை கிடைத்திருக்கும். எனக்கு அது தீராத ஆதங்கம்.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஹிஜாப் கட்டாயமாகப் போகிறது என்றதும் தெஹ்ரானில் ஆயிரக்கணக்கான பெண்கள் மார்ச் 8ஆம் தேதி தெருவில் இறங்கினார்கள், போராட்டம் நாள்கணக்கில் நீண்டது. நாவலின் நாட்காட்டி அதற்கு நான்கு நாள் முன்பே முடிந்துவிடுகிறது. அதை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாவலுக்குள் வரும் ஈரானியப் பெண்களின் அழகு, கணவன் மேல் உள்ள பக்தி, உடல் பற்றிய வர்ணனை எல்லாம் எண்பதுகளின் விமான நிலையக் கடை நாவல்களின் வார்ப்பு. அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போனால் கதைக்கு ஒன்றும் குறையாது.

சந்தேகமான பகுதிக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே நாவலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. புரட்சிக் காலத்து நிகழ்ச்சிகள் பலவற்றில் இன்றைக்கும் ஒரே எண் கிடையாது. 1978 செப்டம்பர் 8ஆம் தேதி ழாலே சதுக்கத்தில் துருப்புகள் சுட்டதில் இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் என்று அப்போது ஊரே நம்பியது. பிற்காலத்தில் ஈரானுக்குள்ளேயே நடந்த ஆய்வு, அன்று தெஹ்ரானில் இறந்தவர்கள் நூறுக்குள்தான் என்றது. அதற்கு முந்தின மாதம் ஆபாதானில் ரெக்ஸ் திரையரங்கு எரிந்து நானூறு பேருக்கு அருகில் செத்தார்கள். ஷாவின் சாவாக் உளவுப்படையின் வேலை என்று நாடே கொதித்தது. பிறகு வந்த சாட்சியங்கள் மதத் தீவிரவாதிகள் பக்கம் கை காட்டின. எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு மறைமுகக் கை இருக்கிறது என்று ஈரானியர்கள் நம்பியதைச் சிரித்துத் தள்ளவும் முடியாது, 1953இல் நிஜமாகவே அப்படி ஒரு கை இருந்ததே. கிளாவெல்லின் நாவலிலும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் பின்னால் ஓர் உளவாளி. அது சரித்திரமாகத் தவறு. ஆனால் அந்த நாட்களில் தெஹ்ரானில் நிலவிய மனநிலையாகப் பார்த்தால் விசித்திரமாகப் பொருந்துகிறது. அவர் தெரிந்து செய்தாரா, த்ரில்லர் எழுதும் பழக்கத்தில் தானாக வந்ததா என்பது வேறு விஷயம்.

வெளிநாட்டுக்காரர்கள் தப்பித்ததைப் பற்றியும் இந்த வகைக் கதைகள் ஒரு மாயத்தை உண்டாக்கிவிட்டன. பெரும்பாலானவர்கள் சாதாரணமாகத்தான் வெளியேறினார்கள்: தெஹ்ரானின் மெஹ்ராபாத் விமான நிலையத்தில் குளிரில் மூட்டையோடு காத்துக்கிடந்து, கிடைத்த விமானத்தில் ஏறி. எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், நாளொன்றுக்கு 60 லட்சம் பீப்பாயை ஒட்டியிருந்த உற்பத்தி உள்ளூர் அடுப்புக்கே போதாத அளவுக்கு விழுந்திருந்தது. எண்ணெய் நாட்டில் ஜனங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றார்கள். சாகசம் செய்து வந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். அவர்களில் இருவரின் கதையைத்தான் கென் ஃபாலெட் 1983இல் ‘ஆன் விங்ஸ் ஆஃப் ஈகிள்ஸ்’ என்று எழுதினார். அமெரிக்கக் கோடீஸ்வரர் ராஸ் பெரோவின் கம்ப்யூட்டர் கம்பெனியின் இரண்டு அதிகாரிகளை ஈரானில் கைது செய்து 1.275 கோடி டாலர் ஜாமீன் கேட்டார்கள். பெரோ ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் தலைமையில் மீட்புக்குழு அனுப்பினார். பிப்ரவரி 11இல் கூட்டம் சிறையை உடைத்தபோது அவர்கள் வெளியே வந்து, துருக்கி எல்லை வழியாகத் தப்பினார்கள். இதுவரை உறுதி. அந்தக் கூட்டத்தைச் சிறைக்குக் கிளப்பிவிட்டதே கம்பெனியின் ஈரானிய ஊழியர்தான் என்ற பகுதி சர்ச்சைக்குரியது. அன்று நகரத்தில் சிறைகளும் போலீஸ் நிலையங்களும் எப்படியும் உடைந்துகொண்டுதான் இருந்தன. அது நாவல் இல்லை என்ற பெயரில் வந்த புத்தகம் என்பதால், என்னைக் கேட்டால் அதைப் படிக்கும்போதுதான் கூடுதல் ஜாக்கிரதை தேவை.

‘ஆர்கோ’ படமும் அப்படியே. 1980 ஜனவரி இறுதியில் ஆறு அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் கனடா பாஸ்போர்ட்டில் சினிமாக்காரர்கள் வேஷத்தில் வெளியேறியது நிஜம். ஓடுபாதையில் ஜீப்புகள் விமானத்தைத் துரத்தியது படத்துக்காகச் சேர்த்தது. நிஜத்தில் இயந்திரக் கோளாறால் விமானம் தாமதமானதுதான் அன்றைய பெரிய பதற்றம். சொல்லப்போனால் எனக்கு நிஜம்தான் அதிகம் பயமாக இருக்கிறது. துரத்துவதற்கு யாரும் இல்லை, உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

இந்தக் கதைகள் எதிலும் வராத வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. ஈரானின் சிறு ஊர் மருத்துவமனைகளில் அப்போது இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அவர்களை மீட்க எந்தக் கோடீஸ்வரரும் கர்னலை அனுப்பவில்லை. ‘வெளிநாட்டுக்காரர்’ என்றால் த்ரில்லர் எழுதுகிறவர்களுக்கு எந்த நிறம் கண்முன் வருகிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சரி, மீதிப் புத்தகத்தைப் படிப்பதா? கால்வாசி தாண்டிவிட்டீர்கள், அதில் பாத்திரங்களின் பெயர் குழப்பம் முடிந்திருக்கும். ஹெலிகாப்டர் வரும் இடங்களை நிதானமாகப் படியுங்கள், அரண்மனைச் சதியையும் உளவாளிகளையும் வேகமாகப் புரட்டுங்கள். திட்டம் செயலுக்கு வரும் பகுதியில் கிளாவெல் தன் பழைய கெட்டிக்காரத்தனத்தை மீட்டுக்கொள்கிறார். முடிவை நான் சொல்லப்போவதில்லை. இதிலிருந்து காதல் கதையைப் பிரித்தெடுத்து 1994இல் ஒரு சுருக்கப் பதிப்பும் வந்தது. பக்கம் குறையும் என்று அதை வாங்கிவிடாதீர்கள், புத்தகத்தின் பலவீனமான பாதியே அதுதான். ஈரானியர் கண்ணால் அந்தக் காலத்தைப் பார்க்கவேண்டுமானால், புரட்சியின்போது ஒன்பது, பத்து வயதுச் சிறுமியாக தெஹ்ரானில் இருந்த மர்ஜான் சத்ராபியின் ‘பெர்செபொலிஸ்’ படக்கதையை இதன் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தால் ஒன்று விட்ட இடம் இன்னொன்றில் கிடைக்கும்.

கடைசிக் கேள்வி, இன்றைக்கு முடியுமா. அதற்கு முன்னால், விட்டுவிட்டு வந்த இயந்திரங்கள் என்ன ஆகின்றன என்பதைப் பார்க்கவேண்டும். ஷாவின் அரசு பெல் 214 வகையில் மட்டும் 287 ஹெலிகாப்டர்களுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. புரட்சிக்குப் பிறகு அமெரிக்க ஸ்பேர்ஸ் நின்றுபோனது. ஈரான் மெக்கானிக்குகள் ஒன்றைப் பிரித்து இன்னொன்றுக்கு மாட்டியும், பாகத்தை அளந்து தாங்களே செய்தும் பல பத்தாண்டுகள் அந்தப் படையைப் பறக்க வைத்தார்கள். தொழில்ரீதியாக அது சாதாரணக் காரியமில்லை. 2024 மே 19இல் அதிபர் ரைசி கிழக்கு அஜர்பைஜான் மலையில் விழுந்து இறந்தது ஒரு பெல் 212இல்தான். ஈரானின் விசாரணை மூடுபனியும் வானிலையும்தான் காரணம் என்று முடித்தது. அதைத் தாண்டி, இயந்திரத்தின் வயதும் ஸ்பேர்ஸும் காரணமா என்று தூரத்திலிருந்து அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. சிதைவைக் கையால் தொடாமல் அப்படிச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம்.

இன்றைக்கு ஹெலிகாப்டரைக் கிளப்பிக்கொண்டு வருவது கடினம். ராடாருக்கு அடையாளம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரை அணைத்துவிட்டுத் தாழப் பறக்கலாம்தான். ஆனால் வளைகுடாவில் இன்று இரண்டு கரையிலும் கப்பலிலும் வானத்திலும் கண்கள் இருக்கின்றன, அடையாளம் சொல்லாமல் அந்தக் கடலைத் தாண்டும் எதையும் ஏவுகணை என்றோ டிரோன் என்றோதான் முதலில் நினைப்பார்கள். சட்டமும் மாறிவிட்டது. வாடகை கொடுக்காத நாட்டிலிருந்து விமானத்தின் பதிவை ரத்து செய்து எடுத்துப்போகும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுப்பதற்கென்றே 2001இல் கேப்டவுன் ஒப்பந்தம் வந்தது. ஒரு நாட்டு அரசே மறுத்துவிட்டால் அந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பது 2022இல் தெரிந்தது. உக்ரைன் போர் தொடங்கி தடைகள் வந்தபோது வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சொந்தமான நானூறுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரஷ்யாவில் சிக்கிக்கொண்டன, ரஷ்யா அவற்றைத் தன் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டது. வெளியூரில் இறங்கியிருந்த சிலவற்றை மட்டும் உரிமையாளர்கள் அங்கேயே பிடித்து நிறுத்த முடிந்தது. மீதிக்காக எந்த பைலட்டும் இரவில் புறப்பட்டுப் போகவில்லை. உரிமையாளர்கள் லண்டன் நீதிமன்றத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டு, 2025 ஜூனில் சாதகமான தீர்ப்பும் வாங்கினார்கள்.